அசையாத கண்பாவை

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்து மக்களுக்கு இது தெரியும்: மழைநீர் ஏறினால் பாம்புகளும் மேடு தேடி வீட்டுக்குள் வரும். அவற்றில் மிகவும் அஞ்ச வேண்டியது கட்டுவிரியன். பகலெல்லாம் பதுங்கிக் கிடந்து இரவில் இரை தேடும் பாம்பு அது. தரையில் பாய் விரித்துத் தூங்குபவரைக் கடித்தாலும் பல நேரம் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட தடமே தெரியாது. கடிபட்டவர் விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று எழுவார். வீட்டில் உள்ளவர்கள் ராத்திரிச் சாப்பாட்டைச் சந்தேகிப்பார்கள். பிறகு இமை சரியும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, மூச்சு திணறும்.

இந்த நிலையில் மருத்துவமனைக்கு வருபவரின் இமையைத் தூக்கி டாக்டர் டார்ச் அடிக்கிறார். கருவிழியின் நடுவே கண்பாவை அகலத் திறந்தே கிடக்கிறது. வெளிச்சம் பட்டும் சுருங்கவில்லை. முட்டிக்குக் கீழே சுத்தியலால் தட்டினால் கால் உதறவில்லை. அழுத்திக் கிள்ளினாலும் முகம் சுளிக்கவில்லை. மூளைச்சாவு என்று எண்ண வைக்கும் கோலம் இது. ஆனால் அவருடைய மூளை விழித்திருக்கக்கூடும். சுற்றி நிற்பவர்கள் பேசுவதெல்லாம் அவர் காதில் விழுந்துகொண்டிருக்கலாம்.

இது எப்படி நடக்கிறது? கண்ணில் விழும் ஒளியின் செய்தி பார்வை நரம்பு வழியே நடுமூளைக்குப் போகிறது. அங்கிருந்து மூன்றாம் மூளை நரம்பு வழியே திரும்பி வந்து, பாவையைச் சுருக்கும் தசைக்குக் கட்டளையாகிறது. முட்டித் துள்ளலுக்கு மூளைகூட வேண்டாம். தொடைத் தசையிலிருந்து தண்டுவடம் வரை போய்த் திரும்பும் சுற்று போதும். இரண்டிலும் கடைசிக் கட்டம் ஒன்றுதான்: நரம்பு நுனி அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்தால்தான் தசை அசையும். கட்டுவிரியன் நஞ்சு தாக்குவது அந்த நுனியைத்தான். அங்குள்ள இருப்பைக் காலி செய்து, நுனியையே சிதைத்துவிடுகிறது. மூளை கட்டளையிட்டுக்கொண்டே இருக்கிறது. அது தசைக்குப் போய்ச் சேர்வதில்லை.

ஆக, அசையாத பாவை சொல்வது இவ்வளவுதான்: இந்தச் சுற்றில் எங்கோ அறுந்திருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்க மற்ற அறிகுறிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாலை விபத்தில் தலையில் அடிபட்டவருக்கு ஒரு பக்கப் பாவை மட்டும் விரிந்தால், மண்டைக்குள் ரத்தம் கட்டி, இடம்பெயர்ந்த மூளை மூன்றாம் நரம்பை நசுக்குகிறது என்று பயப்பட வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். சில வகைப் பூச்சிமருந்துகளைக் குடித்தவருக்கு அசிட்டைல்கோலின் அளவுக்கு மீறித் தேங்குவதால் பாவை குண்டூசி முனையளவுக்குச் சுருங்கும். வில்லியம் ஏடி, கார்டன் ஹோம்ஸ் இருவரும் 1931இல் தனித்தனியே விவரித்த கோளாறில் ஒரு பாவை பெரிதாகி ஒளிக்கு மசியாமல் நிற்கும், முட்டித் துள்ளலும் போயிருக்கும்; ஆனால் உயிருக்கு ஆபத்து கிடையாது.

மூளைச்சாவு மெய்யானது. 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த திருக்கழுக்குன்றம் ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான பெற்றோர் தானம் செய்ததைத் தமிழ்நாடு மறக்கவில்லை. மூளைச்சாவு என்ற முடிவுக்கு வர 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள், குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும். அதற்கும் முன்னால் நஞ்சோ, மயக்க மருந்தோ, உடல் குளிர்ந்துபோனதோ காரணமில்லை என்று உறுதி செய்ய வேண்டும். கட்டுவிரியன் கடித்தவரைக் காப்பது இந்த முன்நிபந்தனைதான்.

பாம்புக்கடி மருந்துக்கான மூலப்பொருளும் நம் பக்கத்திலிருந்தே போகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில், துணியால் வாய் கட்டிய மண்பானைகளில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கும் இருக்கும். சில வாரங்கள் வைத்திருந்து, நஞ்சு எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்ததே நஞ்சுமுறிவு மருந்து. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தலைமுறை தலைமுறையாய் வந்த அறிவுக்குத் தாமதமாகச் செய்த மரியாதை அது.

நஞ்சுமுறிவு மருந்து ரத்தத்தில் சுற்றும் நஞ்சைத்தான் பிடிக்கும். சிதைந்த நரம்பு நுனியைச் சரிசெய்யாது. நுனி மறுபடி வளரச் சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள்கூட ஆகும். அதுவரை வென்டிலேட்டர்தான் மூச்சு. அதனால் தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுந்து இமை சரிந்தால், கயிறு கட்டவோ கீறவோ வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். “ராத்திரி தரையில் படுத்திருந்தார்” என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் அவர் அசையாமல் கிடந்தாலும் பக்கத்தில் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தைரியம் சொல்லுங்கள். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.