ஏஜெண்டு பிரிந்து போனால் சட்டம் என்ன சொல்கிறது?



ஜவ்வாது மலையில் சாமை, புளி, கடுக்காய், தேன் கொள்முதல் செய்யும் நமக்கு, ஏஜெண்டு இல்லாமல் ஒரு மூட்டை கூட மலையிறங்காது. அவர் சம்பளக்காரர் அல்ல. கமிஷனுக்கு வாங்கித் தருபவர்.

சில ஆண்டுகளுக்கு முன், பன்னிரண்டு வருடம் நம்மிடம் இருந்த ஏஜெண்டு ஒருவர் அறுவடை சமயத்தில் பிரிந்து சொந்தக் கொள்முதல் தொடங்கினார். எடை போடுபவரையும் வேறு இரண்டு ஏஜெண்டுகளையும் கூடவே அழைத்துக்கொண்டார். பிரிந்தால் மூன்று வருடம் இத்தொழில் செய்யக் கூடாது என்று எழுதி வாங்கிய பத்திரத்துடன் போளூர் வக்கீலிடம் போனோம். "இது செல்லாது" என்று திருப்பித் தந்துவிட்டார்.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. கடையை நற்பெயரோடு விற்பவருக்கு மட்டும் நியாயமான அளவில் விதிவிலக்கு உண்டு. 1874-இல் கல்கத்தாவில், போட்டிக் கடைக்காரர் கடையை மூடினால் பணம் தருவதாகச் செய்த ஒப்பந்தமே செல்லாது என்று தீர்ப்பானது. 2006-இல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில், ஒப்பந்தம் முடிந்த பிறகும் கட்டிப்போடும் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

அப்படியானால் ஏஜெண்டுக்கு ஆபத்தே இல்லையா? உண்டு.

ஒன்று: ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது போட்டித் தொழில் கூடாது என்ற நிபந்தனை செல்லும். 1967-இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது.

இரண்டு: முதலாளிக்குத் தெரியாமல் அதே வியாபாரத்தைத் தன் பேரில் செய்தால், அந்த ஆதாயத்தை 216-வது பிரிவின்படி முதலாளி கேட்கலாம்.

மூன்று: தகுந்த முன்னறிவிப்பு இல்லாமல் விலகினால் 206-வது பிரிவின்படி நஷ்டஈடு தர நேரும்.

நான்கு: முறைப்படி விலகி வருபவரைச் சேர்த்துக்கொள்வது குற்றமல்ல. ஒப்பந்தத்தை முறிக்கும்படி தூண்டி இழுத்தால் நஷ்டஈட்டு வழக்கு வரலாம்.

ஐந்து: கொள்முதலுக்கு ஒப்படைத்த பணத்தை நேர்மையற்ற முறையில் சொந்தத்துக்குப் பயன்படுத்தினால் அது நம்பிக்கை மோசடி. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 316-வது பிரிவு.

நம் விஷயத்தில், விலகுவதற்கு முன்பே இரண்டு லோடு சாமை அவர் பேரில் போனதை எடைச்சீட்டு காட்டியது. வக்கீல் முன்னிலையில் பேசி முடித்தோம். அந்த இரண்டு லோடின் இலாபத்தையும் முன்பணத்தையும் திருப்பித் தந்தார்.

பேச்சின் நடுவே அவர் ஒன்று கேட்டார்: "என் கமிஷன் பாக்கியை ஆறு மாதம் இழுத்தீர்களே, முதலாளி, அது எந்தப் பிரிவு?" நம்மிடம் பதில் இல்லை. அதையும் அன்றே பைசல் செய்தோம்.

ஆகவே, செல்லாத பத்திரத்தை நம்பாதீர்கள். கமிஷன் விகிதம், முன்பணம், முன்னறிவிப்பு நாள் மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மாதாமாதம் கணக்கை முடியுங்கள். நேரத்துக்குப் பாக்கி தீர்க்கும் மண்டியை விட்டு ஆள் எளிதில் போவதில்லை.