முதலில் விமானத்தைச் செலுத்துக



திருநெல்வேலிச் சந்தியில் நின்று வடக்கே பார்த்தால் பலாலி வீதி நீண்டு செல்வதைக் காண்பீர்கள். அவ்வீதி சென்றடையும் பலாலியில் உள்ள விமான நிலையம் 2019 ஒக்டோபர் 17 ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டது. வானில் சிறிய விமானமொன்றைக் காணும்போது, "நடுவானில் ஏதேனும் பழுதானால் விமானி என்ன செய்வார்?" என்ற வினா உங்களுக்கு எழுந்திருக்கலாம். அதற்கான விடையை இங்கு நோக்குவோம்.

1. ஒரு மின்குமிழும் 101 உயிர்களும்

1972 டிசெம்பர் 29 ஆம் திகதி இரவு, ஈஸ்டேர்ன் எயார்லைன்ஸ் நிறுவனத்தின் பெரிய விமானமொன்று 176 பேருடன் அமெரிக்காவின் மியாமி நகரை அணுகியது. முன்சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் சிறு விளக்கு எரியவில்லை. விமானிகள் 2000 அடி உயரத்துக்கு ஏறி, தன்னியக்கச் செலுத்தியை இயக்கிவிட்டு, அவ்விளக்கை ஆராயத் தொடங்கினர். அதற்கிடையில், உயரத்தைப் பேணும் அமைப்பு அவர்கள் அறியாமலே விடுபட்டது. விமானம் மெல்ல மெல்லக் கீழிறங்கியது. எச்சரிக்கை ஒலியும் அவர்கள் கவனத்தில் படவில்லை. விமானம் சதுப்பு நிலத்தில் மோதியது. 101 பேர் இறந்தனர்.

பின்னர் தெரிந்தது என்ன? சக்கரம் சரியாகவே இறங்கியிருந்தது. மின்குமிழ்தான் எரிந்துபோயிருந்தது. எனவே, விமானத்தை வீழ்த்தியது பழுதன்று. பழுதின் மீது எல்லோருடைய கவனமும் குவிந்தமையே ஆகும்.

2. பொய் காட்டிய கருவி

1978 ஜனவரி 1 ஆம் திகதி இரவு, பம்பாயிலிருந்து டுபாய் புறப்பட்ட எயார் இந்தியா போயிங் 747 விமானம் சில நிமிடங்களுக்குள்ளேயே கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 213 பேரும் இறந்தனர். விமானம் எப்பக்கம் சரிகிறது என்பதைக் காட்டும் கருவிகளுள் தலைமை விமானியின் முன்னிருந்தது பழுதடைந்து, விமானம் வலப்பக்கம் சரிந்திருப்பதாகக் காட்டியது. அதை நம்பி அவர் விமானத்தை இடப்பக்கம் சரித்தார். இருண்ட கடலின் மேல் அடிவானம் தெரியவில்லை. ஒரு கருவியை ஏனைய கருவிகளுடன் ஒப்பிட்டே நம்பவேண்டும் என்பது இதிலிருந்து பெறும் பாடமாகும்.

3. மூன்று கடமைகள்

விமானி மாணவர்களுக்கு முதலிலேயே கற்பிக்கப்படும் ஒழுங்கு இதுவாகும்:

(அ) விமானத்தைச் செலுத்துக.
(ஆ) செல்லும் வழியை அறிக.
(இ) பிறருடன் தொடர்புகொள்க.

இவ்வொழுங்கு மாறக்கூடாது. தனியொருவர் செலுத்தும் சிறு விமானத்தில் உதவிக்கு இன்னொருவர் இல்லாததால் இது மேலும் முக்கியமாகும்.

4. சிறு விமானத்தில் ஏற்படும் சில பழுதுகள்

கதவு திறந்துகொள்ளல்: பேரிரைச்சலும் காற்றும் அச்சமூட்டும். ஆயினும் பெரும்பாலான சிறு விமானங்கள் தொடர்ந்து பறக்கும். கதவை இழுத்து மூட முயல்பவர் வேகத்தைக் கவனியாது விடுவதே ஆபத்தாகும். வழமைபோல் ஒரு சுற்றுச் சுற்றித் தரையிறங்கிய பின்னர் மூடலாம்.

வேகமானி செயலிழத்தல்: வேகமானி வளியமுக்க வேறுபாட்டைக் கொண்டு இயங்குகிறது. அதன் குழாயில் குளவி மண்கூடு கட்டினாலே அது பிழையாகக் காட்டும். பறக்கமுன் குழாயைப் பார்ப்பது இதனாலாகும். வானில் இது நேர்ந்தால், விமானி தாம் அறிந்த எஞ்சின் வலுவையும் விமான மூக்கின் சாய்வையும் பேணிப் பறப்பார்.

ரேடியோ செயலிழத்தல்: 7600 என்ற குறியெண்ணை இட்டால் கட்டுப்பாட்டு நிலையம் அறிந்துகொள்ளும். கோபுரத்திலிருந்து விடாது காட்டப்படும் பச்சை ஒளி, தரையிறங்க அனுமதி என்பதைக் குறிக்கும்.

எஞ்சின் நிற்றல்: விமானம் கல்லைப்போல் வீழாது. செஸ்னா 172 போன்ற சிறு விமானம், காற்றில்லாத வேளையில் 1 கிலோமீற்றர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீற்றர் தூரம் வழுக்கிச் செல்லும். முதலில் உரிய வேகத்தைப் பேணி, இறங்க இடம் தெரிந்த பின்னரே எஞ்சினை மீள இயக்க முயல வேண்டும்.

5. உங்களுக்கும் பொருந்தும்

பரீட்சை மண்டபத்தில் ஒரு வினாவுக்கு விடை வரவில்லையா? அதிலேயே அரை மணி நேரம் இருந்துவிட்டால், எரியாத மின்குமிழைப் பார்த்துக்கொண்டிருந்த விமானிகளின் நிலைதான் உங்களுக்கும். நேரம் இறங்குவது தெரியாது. அவ்வினாவைக் குறித்துவைத்து மேலே செல்லுங்கள். பின்னர் திரும்பி வரலாம்.

நினைவிற் கொள்க: சிறு பழுது காத்திருக்கும், விமானம் காத்திருக்காது.

பயிற்சி வினாக்கள்

1. 1972 இல் நேர்ந்த விபத்துக்கு மின்குமிழே காரணம் எனக் கூறலாமா? விளக்குக.
2. விமானியின் மூன்று கடமைகளை ஒழுங்காக எழுதுக.
3. 1.5 கிலோமீற்றர் உயரத்தில் எஞ்சின் நின்ற செஸ்னா 172 விமானம் ஏறத்தாழ எவ்வளவு தூரம் வழுக்கிச் செல்லும்?