நெய்வேலிக் குழியில் மேல்மண் எங்கே போகிறது?

2025 ஜனவரியில் அரிட்டாபட்டி டங்ஸ்டன் ஏலம் ரத்தானதும் மேலூர்ப் பக்கம் வெடி போட்டுக் கொண்டாடினோம். அப்போது எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருத்தர், "சுரங்கம்னா நம்ம கிரானைட் குவாரி மாதிரிதானேப்பா?" என்றார். எனக்குப் பதில் தெரியல. அறுப்பு முடிந்ததும் நெய்வேலிக்குப் போனேன். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற உறவுக்காரர் விளிம்பில் நிறுத்திக் காட்டினார்.

குவாரி ஒரே இடத்தில் ஆழமாகும். இந்தச் சுரங்கம் நகரும். பழுப்பு நிலக்கரி கிடப்பது பல பனைமர ஆழத்தில். ஒரு டன் கரி எடுக்க ஐந்தாறு கன மீட்டர் மண்ணை அள்ள வேண்டும். பெரிய வாளிகளை வரிசையாகக் கோத்த ராட்சதச் சக்கரம் சுற்றிச் சுற்றி மண்ணை வெட்டுது. பெரிய எந்திரத்தில் ஒரு வாளி 1400 லிட்டர். படிப்படியாக வெட்டிய மண் பெல்ட்டில் ஓடி, கரி எடுத்து முடிந்த பின்பக்கக் குழியில் கொட்டப்படுது. ஏர் ஓட்டும்போது புதுச் சால் மண் பழைய சாலில் விழுமே, அதே கணக்கு. ஆனால் இங்கே அடிமண் மேலே வந்துவிடும். மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்து, கடைசியில் பரப்பினால்தான் பயிருக்கு வழி. நிரப்பிய நிலத்தில் நிறுவனம் மரம் வளர்த்திருக்கு, பயிரும் வைத்துப் பார்த்திருக்கு. நுண்ணுயிரும் மண்புழுவும் எத்தனை வருஷத்தில் திரும்பும் என்பதுதான் நம்ம கேள்வி.

அதைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். கரிப்படுகைக்கு அடியில் ஊற்றுநீர் அழுத்தத்தோடு நிற்குது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ. மேலே இருக்கிற மண் பாரத்தை எடுத்தால் அது தரையைப் பிளந்து பொங்கிவிடும். அதனால் சுற்றிலும் ஆழ்குழாய் போட்டு ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்கணும். அந்தத் தண்ணீர் அனல்மின் நிலையத்துக்கும் போகுது, சென்னைக் குடிநீருக்கும் போயிருக்கு. கிணற்று மட்டம் இறங்கிப்போச்சு என்பது அக்கம்பக்கத்து விவசாயிகளின் நெடுநாள் புகார்.

சுரங்கம் நகர்ந்தால் வழியில் இருக்கிற ஓடையும் நகரணும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் நின்ற நெற்பயிருக்குள் எந்திரம் இறங்கியது இதற்காகத்தான், பரவனாற்றுக்குப் புதுக் கால்வாய் வெட்ட. நிலம் எப்போதோ கையகப்படுத்தியது என்றது நிறுவனம். இருக்கலாம். பச்சைப் பயிரை மண்ணோடு புரட்டியதைப் பார்த்த எவனுக்கும் அந்தப் பதில் போதாது.

ஊர் திரும்பி எல்லாம் சொன்னேன். பெரியவர் கரியைப் பத்தி ஒன்றும் கேட்கல.

"அந்த மோட்டாரை என்னைக்கு நிறுத்துவாங்க?"

"கரி எடுக்கிற வரைக்கும் நிறுத்த முடியாதுங்கய்யா."

எழுந்து கம்மாய்ப் பக்கம் நடந்தார்.