நெல்லின் இலைக்கருகலும் கிருமியின் புரதங்களும்

நெற்பயிரின் இலை நுனியும் ஓரமும் மஞ்சள் பாய்ந்து வைக்கோல் நிறமாய்க் காயக் கண்டதும், பூசணக்கொல்லி வாங்கச் சங்கத்திற்குக் கடன் மனு எழுதும் அங்கத்தினர்கள் பலர் உளர். அக்கருகல் பெரும்பாலும் பூசணத்தால் வந்ததன்று. சாந்தோமோனாஸ் ஒரைசே என்னும் பாக்டீரியாவால் வருவது. (பருத்தி இலையில் கோணப்புள்ளி விழச் செய்வதும் இவ்வினத்துக் கிருமியே.) பூசணத்திற்கென்றே செய்த மருந்து அதனைத் தீண்டாது, கடன் மட்டும் பேரேட்டில் நிற்கும்.

2005-ஆம் ஆண்டில் கொரிய ஆராய்ச்சியாளர்கள் இக்கிருமியின் மரபணுத்தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டனர். சுமார் 49 இலட்சம் எழுத்துக்கள் கொண்ட ஏடு அது. எழுத்துக்களோ நான்கே வகை. அவ்வேட்டைக் கொண்டு, கிருமி எந்தெந்தப் புரதங்களைச் செய்யவல்லது என்பதனைக் கணிப்பொறியிலேயே பட்டியலிடலாம்.

அவற்றுள் 'டேல்' எனப்படும் புரதங்களே நம் கவனத்திற்குரியவை. ஊசி போன்ற குழாய் வழியே கிருமி இவற்றைப் பயிரின் உயிரணுவினுள் செலுத்துகிறது. உட்புகுந்த டேல், நெல்லின் 'ஸ்வீட்' என்னும் மரபணுவின் முன்பகுதியில் அமர்ந்து அதனை முடுக்கிவிடுகிறது. உடனே உயிரணுவிலிருந்து சர்க்கரை வெளியே கசிய, கிருமி கொழுக்கிறது. வீட்டுக்காரனின் சாவியைக் கொண்டே அவன் களஞ்சியத்தைத் திறக்கும் திருட்டு இது.

டேல் தன் இடத்தை எங்ஙனம் அறிகிறது? நெசவாளர்க்கு இதனைச் சொல்வது எளிது. எந்த இழை எழும்ப வேண்டுமென்பதை ஜக்கார்டு அட்டையின் துளை குறிக்கிறதன்றோ? டேல் புரதத்தில் சுமார் 34 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு மீண்டும் மீண்டும் வருகிறது. துண்டுகள் ஏறக்குறைய ஒன்றுபோலிருப்பினும், 12, 13-ஆம் இடங்கள் மாறுபடும். அவ்விரண்டே பயிரின் மரபணுவில் ஓர் எழுத்தைக் குறிக்கின்றன. 2009-இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இரு குழுவினர் தனித்தனியே இதனைக் கண்டறிந்தனர். எனவே கிருமியின் ஏட்டைப் படித்து, அது நெல்லில் எதனைத் தாக்குமென முன்கூட்டியே ஊகிக்கலாம். ஊகம் எப்போதும் பலிப்பதில்லை. பயிரில் சோதித்தே தீரவேண்டும்.

எக்ஸ்ஏ13 என்னும் எதிர்ப்புத் திறனுடைய நெல்லில், ஸ்வீட் மரபணு ஒன்றின் முன்பகுதி சற்றே மாறியிருப்பதால் டேல் அமர இடமில்லை. இத்திறனையும் எக்ஸ்ஏ5, எக்ஸ்ஏ21 ஆகியவற்றையும் கலப்பு முறையால் ஒருங்கே சேர்த்து, ஐதராபாத் ஆராய்ச்சி நிலையங்கள் உருவாக்கிய மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி 2008-இல் வெளியாயிற்று. கிருமியும் வாளாவிருப்பதில்லை. ஒரு ஸ்வீட் அடைபட்டால், மற்றொன்றைத் திறக்கும் டேல் உடைய வகைகளும் உள. ஆகையால் மூன்று ஸ்வீட் மரபணுக்களின் முன்பகுதிகளையும் திருத்திய நெல்லை 2019-இல் பன்னாட்டுக் குழுவினர் உருவாக்கிக் காட்டினர்.

கருகல் கண்ட வயலில் மேலும் தழைச்சத்து இடலாகாது. அவ்வயல் நீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சுவதும் ஆகாது. ஐயமிருப்பின், கருகலும் பச்சையும் கூடுமிடத்தில் இலையை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்திப் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால் போன்ற கசிவு இறங்குமாயின் அது பாக்டீரியாவே. கடன் மனு அதற்குப் பின் ஆகட்டும்.