23 வயசில் சர்க்கரை!

ராத்திரி இரண்டு மணிக்கும் உங்கள் பையன் கம்ப்யூட்டர் கேமே கதியென்று கிடக்கிறானா? 'இதுவும் ஒரு வேலைதாம்மா' என்கிறானா? பொய்யில்லைங்க. சீனாவில் 2013-ல் ஆரம்பித்த 'எல்.பி.எல்.' லீகில் சம்பளம், கோச், ரசிகர் கூட்டம் எல்லாமே உண்டு.

2018 சீஸனில் அங்கே வசந்தகாலக் கோப்பை, கோடைக் கோப்பை இரண்டையும் வென்ற அணியின் நட்சத்திரம் 'ஊஸி'. 2020 ஜூனில், 23 வயசிலேயே விலகினார். டைப் 2 சர்க்கரை நோய், போதாக்குறைக்குக் கைவலி. பல வருஷக் கண்விழிப்பு, கொழுப்புச் சாப்பாடு, மன அழுத்தம்தான் காரணம் என்று அவரே சொன்னார். (பரம்பரைக்கும் இந்த நோயில் பங்குண்டு.) 2022-ல் மறுபடி ஆட வந்தார் என்பது வேறு கதை.

கேமைப் பிடுங்காதீங்க, சண்டைதான் மிஞ்சும். ராத்திரித் தூக்கத்தில் மட்டும் கறாராக இருங்கள். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் என்றால் உடனே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.