கிளைப் பாதைக்கென்றே பிறந்த குட்டி இன்ஜின்... ‘ஒய்.எல்’ கதை தெரியுமா?

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் மெயின் லைனில் இருக்கிறது சமயநல்லூர். 1875-ல் மீட்டர் கேஜ் பாதையாகப் போடப்பட்ட வழித்தடம் இது. நீராவிக் காலத்தின் பிற்பகுதியில் இதுபோன்ற மெயின் லைன்களில் பயணிகள் ரயிலை இழுத்தவை ‘ஒய்.பி’ ரக இன்ஜின்கள். அதே இன்ஜினை எல்லாக் கிளைப் பாதைகளிலும் ஓட்டிவிட முடியுமா? முடியாது!

காரணம், எடை. கூட்டம் குறைவான கிளைப் பாதைகளில் செலவைக் குறைக்க மெலிதான தண்டவாளங்களையே போட்டார்கள். பாலங்களும் சிறியவை. ஒய்.பி இன்ஜினின் ஒவ்வோர் இயங்கு அச்சும் தண்டவாளத்தின் மேல் சுமார் பத்தரை டன் பாரத்தை ஏற்றும். மெலிந்த தண்டவாளம் அதைத் தாங்காது.

அதற்காக 1950-களில் வந்ததுதான் ‘ஒய்.எல்’. ‘ஒய்’ என்றால் மீட்டர் கேஜ், ‘எல்’ என்றால் லைட். அச்சுக்குச் சுமார் 8 டன்தான் பாரம். முன்னால் 2 சிறிய சக்கரங்கள், நடுவில் இழுவைக்கு 6 சக்கரங்கள், பின்னால் மீண்டும் 2 சிறிய சக்கரங்கள். மொத்த எடையும் பத்துச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. வேகம் குறைவு, இழுவையும் குறைவு. ஆனால், சில பெட்டிகளோடு ஊர் ஊராக நின்று போகும் பாசஞ்சர் ரயிலுக்கு அது போதும்.

கிளைப் பாதையின் அருமையை மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1928-ல் தொடங்கிய மதுரை - போடிநாயக்கனூர் பாதையில், இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளங்களையே பெயர்த்து எடுத்துவிட்டார்கள். 1950-களில்தான் மீண்டும் ரயில் ஓடியது. அகலப் பாதைப் பணிக்காக 2010 இறுதியில் மறுபடியும் நிறுத்தம். தேனிக்கு 2022 மே மாதமும், போடிக்கு 2023 ஜூன் மாதமும்தான் ரயில் திரும்பி வந்தது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி மக்கள் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் பஸ்ஸையே நம்பியிருந்தார்கள்.

இந்திய ரயில்வேக்கான நீராவி இன்ஜின் தயாரிப்பு 1972-ல் முடிந்தது. மீட்டர் கேஜும் பெரும்பாலும் அகலப் பாதையாகிவிட்டது. ஒய்.எல் இன்ஜின்களுக்கும் வேலை இல்லாமல் போனது.

ஆனாலும் அந்தக் குட்டி இன்ஜின் சொல்லிவிட்டுப் போன விஷயம் பெரியது. ‘தண்டவாளம் மெலிசு, அதனால் ரயில் கிடையாது’ என்று சின்ன ஊர்களைக் கைவிடவில்லை. தண்டவாளத்துக்குத் தக்கபடி இன்ஜினைச் செய்தார்கள்!