வீட்டுக்கு ஒரு கணினி: வாங்குமுன் அறிய வேண்டியவை

பால்மரக் கன்று நடுவோர், கன்றின் உயரத்தையும் இலையின் பளபளப்பையும் கண்டு மயங்குவதில்லை. எந்த இனத்து ஒட்டுக்கன்று, எவ்வளவு பால் தரும், எத்தனை ஆண்டு பயன்படும் என்பனவற்றையே கேட்டறிகின்றனர். பிள்ளைகளின் கல்விக்காகக் கணினி வாங்க எண்ணும் பெற்றோரும் இம்முறையையே கைக்கொள்ளுதல் நன்று.

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, பள்ளிகள் மூடப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அக்காலத்தில் தோட்டப்புறப் பிள்ளைகள் பலர் தந்தையின் கைப்பேசி ஒன்றையே மாறி மாறிப் பயன்படுத்திப் பாடம் படித்தனர். பள்ளிகள் திறந்துவிட்ட பின்னரும் தேவை தீர்ந்துவிடவில்லை. இடைநிலைப்பள்ளி மாணவர் கட்டுரை தயாரிப்பதற்கும், எஸ்.பி.எம். தேர்வுக்குப்பின் உயர்கல்விக்கு விண்ணப்பம் செய்வதற்கும் கணினி வேண்டியுள்ளது.

2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. புதிய கணினி ஒன்று ஏறத்தாழ இத்தொகை முழுவதையும் விழுங்கிவிடக்கூடும். ஆகவே, தவறான கணினியை வாங்குவோர் ஒரு மாத உழைப்பை இழந்தவராவர்.

மேசைக் கணினியா, மடிக்கணினியா?

மேசைக் கணினியின் உறுப்புகளைத் தனித்தனியே மாற்றுவது எளிது. எனினும், அதற்குத் திரையும் விசைப்பலகையும் தனியாக வேண்டும். இடமும் மிகுதியாக வேண்டும். மின்சாரம் நின்றால் சேமிக்கப்படாத வேலை அழிந்துபோகும். மடிக்கணினியிலோ பேட்டரி உள்ளமையால், மின்தடையின்போதும் வேலையைச் சேமித்து முறையாக நிறுத்த இயலும். ஆதலால் லயத்து வீடுகளுக்கு மடிக்கணினியே ஏற்றது.

ஆனால் ஒன்றை நினைவில் கொள்க. வீட்டு மேசையிலேயே இருக்கப்போகும் கணினிக்கு மெல்லிய உடலும், குறைந்த எடையும், நாள் முழுதும் தாங்கும் பேட்டரியும் தேவையில்லை. அவற்றுக்குக் கொடுக்கும் பணத்தை உள்ளுறுப்புகளுக்குச் செலவிடுவதே அறிவுடைமை. கண்ணுக்கு இதமான 15.6 அங்குலத் திரை இருந்தால் போதும்.

கடையில் கேட்க வேண்டியவை

முதலாவது, நினைவகம். இதனைக் கடைக்காரர்கள் 'ரேம்' என்பர். எட்டு கிகாபைட்டுக்குக் குறைந்ததை வாங்கலாகாது. விண்டோஸ் 11 நான்கு கிகாபைட்டிலும் இயங்கும் என்று குறிக்கப்பட்டிருப்பினும், இரண்டு மூன்று பக்கங்களைத் திறந்தவுடன் கணினி தடுமாறத் தொடங்கும். பின்னாளில் நினைவகத்தைக் கூட்ட முடியுமா என்பதையும் கேட்டறிக.

இரண்டாவது, சேமிப்பகம். 256 கிகாபைட் 'எஸ்.எஸ்.டி.' வகை ஏற்றது. மலிவான சில கணினிகளில் 64 கிகாபைட் மட்டுமே உள்ளது. அதன் பெரும்பகுதியை இயங்குதளமே எடுத்துக்கொள்வதால், சில மாதங்களில் இடம் நிறைந்து, புதுப்பிப்புகளை ஏற்க இயலாமல் போகும்.

மூன்றாவது, இயங்குதளம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் நின்றுவிட்டன. ஆகையால் விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்கக்கூடிய கணினியே வேண்டும். இன்டெல் வகையாயின் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருத்தல் வேண்டும். 'ஐ5-8250' என்பதில் கோட்டிற்குப்பின் வரும் 8 தலைமுறையைக் காட்டுகிறது. 'ஐ5-7200' ஏழாம் தலைமுறையாதலின் தகுதி பெறாது.

பழைய கணினி வாங்கலாமா?

வாங்கலாம். நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு விற்கும் லெனோவோ திங்க்பேட், டெல் லேட்டிட்யூட், எச்.பி. எலைட்புக் போன்றவை உறுதியாகச் செய்யப்பட்டவை. மேற்கூறிய மூன்று தகுதிகளும் உள்ளவற்றை ஆயிரம் வெள்ளிக்கும் குறைவாகப் பெற வாய்ப்புண்டு. மலிவான புதிய கணினியைவிட இவை பல வேளைகளில் மேலானவை.

வாங்குமுன் கடையிலேயே அரைமணி நேரம் இயக்கிப் பாருங்கள். எல்லா விசைகளையும் அழுத்துங்கள். மூடியைத் திறந்து மூடி, கீல் ஆடுகிறதா எனக் கவனியுங்கள். ஒலி, படக்கருவி, இணைய இணைப்பு ஆகியவற்றைச் சோதியுங்கள். மின்னிணைப்பைப் பிடுங்கினாலும் கணினி நிற்காமல் ஓட வேண்டும். முந்திய உரிமையாளரின் கடவுச்சொல்லோ, நிறுவனப் பூட்டோ இருந்தால் வாங்காதீர்கள்.

தவணையும் இரசீதும்

1,800 வெள்ளிக் கணினியை மாதம் 110 வெள்ளி வீதம் 24 மாதத் தவணையில் எடுப்பதாகக் கொள்வோம். மொத்தம் 2,640 வெள்ளி ஆகும். மிகையாகச் செல்லும் 840 வெள்ளி, ஏறக்குறைய அரைமாதச் சம்பளம். 'மாதம் எவ்வளவு?' என்று மட்டும் கேளாமல், 'மொத்தம் எவ்வளவு?' என்று கேட்பதே முறை.

இரசீதையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். விற்பவர் வாக்குத் தவறினால், 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணம் செலுத்தி, 50,000 வெள்ளி வரையில் கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை.

எழுத்துப்பணிக்கான மென்பொருளுக்கும் பணம் செலவிட வேண்டியதில்லை. கல்வி அமைச்சு 2020-இல் தொடங்கிய டெலிமா தளத்தின் கணக்கைக்கொண்டு மாணவர்கள் கூகுள், மைக்ரோசாஃப்ட் வசதிகளை இலவசமாகப் பயன்படுத்தலாம். கணக்கு விவரத்தைப் பள்ளி ஆசிரியரிடம் கேட்டுப் பெறுக. தமிழில் தட்டச்சிடும் வசதியும் விண்டோஸிலேயே அமைந்துள்ளது.

பேணும் முறை

இடி மின்னலின்போது மின்னிணைப்பைக் கட்டாயமாக அகற்றுங்கள். மெத்தையின்மீது வைத்தால் காற்றோட்டம் தடைப்பட்டுக் கணினி சூடேறும். கடினமான மேசையே தக்கது. கணினியைச் சற்று உயர்த்தி வைத்து, தனி விசைப்பலகையை இணைத்தால் பிள்ளைகளின் கழுத்து வலிக்காது. எப்போதும் மின்னிணைப்பில் இருக்கும் கணினியில், பேட்டரி 80 விழுக்காட்டுடன் நிற்கும் அமைப்பு இருந்தால் அதனைப் பயன்படுத்துக.

இப்போது வாங்க இயலாதோர் மனம் தளர வேண்டா. அருகிலுள்ள பொது நூலகத்திலும், 'நாடி' எனப்படும் சமூக மையத்திலும் கணினி, இணைய வசதிகளைக் கேட்டறியலாம். இடைப்பட்ட காலத்தில் சிறுகச் சிறுகச் சேமித்து, ஆராய்ந்து, ரொக்கமாக வாங்குங்கள். அண்டை வீட்டார் வாங்கிவிட்டார் என்பதற்காக அவசரப்படுவதால் பயனில்லை. பிள்ளையின் கல்விக்கு உதவுவது கணினியின் பளபளப்பன்று. பல ஆண்டுகள் தடையின்றி இயங்கும் அதன் உழைப்பேயாம்.